வலி போனால் போதுமா?

சியர்லீடர் என்றால் நமக்கு ஐ.பி.எல். டான்ஸ்தான். அமெரிக்காவில் அது பள்ளிக்கூடப் பெண்களின் கரண வித்தை. தோழிகள் தூக்கிப்போட, அந்தரத்தில் சுழன்று இறங்குகிறார்கள். கணுக்கால் பிசகினால்? ஐஸ், கட்டு. வீக்கம் வடிந்ததுமே, 'சனிக்கிழமை போட்டி, வந்துடும்மா' என்கிறார் அவசரக்கார கோச்.

ஏன் சார், வலி போனால் ஜவ்வு ஆறிடுச்சுனு அர்த்தமா? ஒற்றைக் காலில் ஆடாமல் நிற்கிறாளா, அதே காலில் குதித்து இறங்குகிறாளா என்று பார்க்க வேண்டாமா? பார்க்காமல் ஏற்றினால் அதே கால் மறுபடி பிசகும்.

2010-ல் ஒரு அமெரிக்க நீதிபதி, இதை இப்போதைக்கு விளையாட்டுக் கணக்கில் சேர்க்க முடியாது என்றார். 2012-ல் அந்நாட்டுக் குழந்தை மருத்துவர்கள் சங்கம், விளையாட்டு என்றே அறிவியுங்கள், அப்போதுதான் மருத்துவக் கவனிப்பு கிடைக்கும் என்றது. ஃபுட்பால் பையன் விழுந்தால் ஓடி வருகிற முதலுதவிப் பெட்டி, அவனுக்காகக் கத்துகிறவள் விழுந்தால் மட்டும் ஏன் நடந்து வரணும்?