பாட்டுக்குப் பட்டா யார் பேரில்?

நாட்டுப் பாட்டுக்கு ஆசிரியர் கிடையாது என்று சொல்லும் கனவான்கள் உண்டு. அது காற்றில் பிறந்ததாம், மண்ணில் தானாக முளைத்ததாம், எல்லோருக்கும் பொதுவாம்! கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் நாம் ஒன்று கேட்கிறோம். மண்ணில் தானாக முளைப்பது புல். நெல் தானாக முளைக்குமா? நாற்று விட்டவர் யார், பறித்தவர் யார், நட்டவர் யார் என்று வயலில் இறங்கிய எவருக்கும் தெரியும். பாட்டும் அப்படித்தான். அதைக் கட்டிய வாய் ஒன்று உண்டு. அதை வாசித்த விரல் உண்டு. அந்த வாய்க்கும் விரலுக்கும் ஒரு பெயர் உண்டு.

பிறகு ஏன் "சொந்தக்காரர் இல்லை" என்கிறார்கள்? புறம்போக்கு என்று எழுதிவிட்டால் வளைத்துப் போடுவது சுலபம் அல்லவா! நிலத்தில் இந்த வித்தையை நாம் பார்த்திருக்கிறோம். பாட்டிலும் அதே வித்தை நடந்திருக்கிறது. அமெரிக்காவில் வீட்டு வேலை செய்து பிழைத்த எலிசபெத் காட்டன் என்ற கறுப்பின அம்மாளின் வரலாறு இதற்குச் சாட்சி.

ஐந்து மாதச் சம்பளத்தில் ஒரு கித்தார்

வட கரோலினா மாநிலத்தில் சாப்பல் ஹில் என்று ஒரு பல்கலைக்கழக ஊர். அதை அடுத்து, ரயில் பாதையை ஒட்டி வளர்ந்த பஞ்சாலை ஊர் கார்பரோ. அந்த வட்டாரத்தில் 1893-ல் எலிசபெத் பிறந்தார். அந்த ஊர் ஆலையை 1909-ல் ஜூலியன் கார் என்ற முதலாளி வாங்கினார். 1913-ல் ஊருக்கே அவர் பெயரைச் சூட்டினார்கள். யார் இந்த கார்? அதே 1913-ல், அடிமை முறையைக் காக்கப் போரிட்ட படையினருக்குப் பல்கலைக்கழகத்தில் சிலை திறந்தபோது, தான் ஒரு கறுப்பினப் பெண்ணைச் சவுக்கால் அடித்த கதையை மேடையில் நின்று பெருமையாகச் சொன்னவர்!

அந்த நாளில் தென் மாநிலப் பஞ்சாலைகளில் நூற்கும் எந்திரத்திலும் தறியிலும் கறுப்பின மக்களுக்கு இடமில்லை. ஆண்கள் மூட்டை தூக்கலாம், முற்றம் பெருக்கலாம். பெண்களுக்கு மிஞ்சியது வெள்ளையர் வீட்டு அடுப்படியும் தொட்டிலும் அழுக்குத் துணியும்தான்.

எலிசபெத்தை வீட்டில் "குட்டித் தங்கச்சி" என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிக்குப் போன முதல் நாள் ஆசிரியர் பெயரைக் கேட்டார். "எலிசபெத்" என்று தானே ஒரு பெயரைச் சொன்னாள் அந்தச் சிறுமி. தன் பெயரைத் தானே வைத்துக்கொண்ட பிள்ளை! தோழர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்தப் பெயரைத்தான் பிற்பாடு அழிக்கப் பார்த்தார்கள்.

அண்ணனிடம் ஒரு பாஞ்சோ இருந்தது. தோல் போர்த்திய நரம்பு வாத்தியம் அது; ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்ட மக்கள் செய்து வைத்த வாத்தியம். அண்ணன் இல்லாத நேரத்தில் அதை எடுத்து வாசிப்பாள் தங்கை. அவன் வீட்டை விட்டுப் போனபோது பாஞ்சோவும் போயிற்று. பள்ளியை விட்டு, வீட்டு வேலைக்குப் போனாள். தொடக்கத்தில் மாதச் சம்பளம் முக்கால் டாலர். சேர்த்து வைத்து ஒரு கித்தார் வாங்கினாள். விலை 3 டாலர் 75 சென்ட். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஐந்து மாதச் சம்பளம்!

சொல்லிக் கொடுக்க வாத்தியார் இல்லை. அவள் இடது கைக்காரி; கித்தாரோ வலது கைக்காரருக்காக நரம்பு கட்டியது. நரம்பை மாற்றிக் கட்டவில்லை. கருவியையே திருப்பிப் பிடித்தாள். இப்படிப் பிடித்தால் மேலே இருக்க வேண்டிய கனத்த நரம்புகள் கீழே வந்துவிடும். ஆகவே மற்றவர்கள் கட்டை விரலால் அடிக்கும் கனத்த சுரத்தை அவள் மற்ற விரல்களால் அடித்தாள். மற்றவர்கள் விரல்களால் எடுக்கும் மெட்டைக் கட்டை விரலால் எடுத்தாள். இரண்டும் ஒரே நேரத்தில்! இன்றைக்கு அந்த வாசிப்பு முறைக்கு "காட்டன் பாணி" என்றே பெயர். ஒரு வேலைக்காரச் சிறுமி தனியே உட்கார்ந்து கண்டுபிடித்த தொழில் நுட்பம் அது.

வீட்டுக்குப் பக்கத்தில் கூட்ஸ் ரயில் ஓடும். அதை வைத்து, பன்னிரண்டு வயதை ஒட்டி, ஒரு பாட்டைக் கட்டினாள். "ஃபிரெய்ட் டிரெயின்", அதாவது கூட்ஸ் வண்டி என்பது அதன் பெயர்.

இஸ்திரிப் பெட்டியின் கீழே போன காலம்

பிறகு என்ன ஆயிற்று? 1910-ல் திருமணம். ஒரு மகள். தேவாலயத்துப் பெரியவர்கள் உலகப் பாட்டு வேண்டாம் என்றார்கள். வீட்டு வேலையோ விடிந்தால் தொடங்கி அடைந்தால் முடியாது. கித்தார் கீழே போயிற்று. தேவாலயத்தில் எப்போதாவது வாசித்ததைத் தவிர, முப்பது நாற்பது ஆண்டுகள் அந்த விரல்கள் பிறர் வீட்டுத் தரையையும் துணியையுமே தேய்த்தன.

1940-களில் வாஷிங்டன் நகரில் ஒரு பெரிய கடையில் வேலை பார்த்தபோது, கூட்டத்தில் தொலைந்துபோன ஒரு சிறுமியைத் தாயிடம் சேர்த்தார் எலிசபெத். அந்தத் தாய் ரூத் கிராஃபர்ட் சீகர், இசை அமைப்பாளர். கணவர் சார்லஸ் சீகர் இசை அறிஞர். எலிசபெத்தை அந்த வீட்டிலேயே வேலைக்கு வைத்துக்கொண்டார்கள்.

இனி நடந்ததைக் கவனியுங்கள். நாட்டுப் பாட்டுகளை ஒலிப்பதிவிலிருந்து கேட்டுக் கேட்டு சுரப்படுத்தி எழுதியவர் ரூத் சீகர். 1941-லும் 1948-லும் வந்த பெரிய தொகுப்புகளில் அவர் உழைப்பு உண்டு. ஊர் ஊராகப் போய்த் திரட்டிய உழைப்பாளிகளின் பாட்டு முன்னறையில் காகிதத்தில் ஏறிக்கொண்டிருந்தது. அதே வீட்டில், அப்படிப்பட்ட பாட்டைக் கட்டிய ஒருவர் துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்! சில ஆண்டுகள் வரை எவருக்கும் அது தெரியாது. ஒருநாள் சுவரில் தொங்கிய கித்தாரை எடுத்து அவர் வாசித்ததை, முன்பு தொலைந்துபோன அதே பெக்கி என்ற பெண் கேட்டாள். அதன் பிறகுதான் வீடு விழித்துக்கொண்டது.

லண்டனில் எழுதிய பட்டா

பெக்கி வளர்ந்து, 1950-களின் நடுவில் இங்கிலாந்துக்குப் போய் அந்தப் பாட்டைப் பாடினாள். அப்போது அங்கே "ஸ்கிஃபிள்" என்ற இசை பரவியிருந்தது. கித்தார் ஒன்று, தாளத்துக்குத் துணி தேய்க்கும் தகடு ஒன்று, அவ்வளவுதான் கச்சேரி. 1957-ல் சாஸ் மெக்டெவிட் குழுவினர் "கூட்ஸ் வண்டி"யை இசைத்தட்டாக்கினார்கள். இங்கிலாந்து விற்பனைப் பட்டியலில் ஐந்தாம் இடம் வரை ஏறியது. ஆசிரியர் யார் என்று அச்சிட்டார்கள்? வேறு இரண்டு ஆண்களின் பெயர்! பதிப்புரிமையும் அவர்கள் பேரில். கட்டியவர் பெயர் எங்குமே இல்லை.

உழுதவர் ஒருவர், பட்டா இன்னொருவர் பேரில்! துணி தேய்த்துப் பிழைத்தவரின் பாட்டை, துணி தேய்க்கும் தகட்டையே தாளமாக வைத்து விற்றார்கள். அவருக்கு மட்டும் காசு இல்லை. இதற்குப் பகற்கொள்ளை என்பதைத் தவிர வேறு பெயர் உண்டா?

சீகர் குடும்பத்தார் தலையிட்டுப் போராடிய பிறகுதான் எலிசபெத்தின் பெயர் பாட்டோடு சேர்ந்தது. பெக்கியின் அண்ணன் மைக் சீகர் அவர் வாசிப்பைப் பதிவு செய்தார். 1958-ல் ஃபோக்வேஸ் கம்பெனி அதை வெளியிட்டது. முதல் இசைத்தட்டு வெளிவந்தபோது அவருக்கு வயது 65.

நிறம் மாறினாலும் கணக்கு மாறவில்லை

இது கறுப்பினப் பெண்ணுக்கு மட்டும் நேர்ந்த கதி என்று எண்ணவேண்டாம். அதே வட கரோலினாவில் சார்லி பூல் என்று ஒரு வெள்ளை இனத்து ஆலைத் தொழிலாளி இருந்தார். சிறு வயதிலேயே பஞ்சாலைக்குப் போனவர். பாஞ்சோ வாசிப்பதில் கெட்டிக்காரர். 1925-ல் தோழர்கள் இருவரோடு நியூயார்க் போய் கொலம்பியா கம்பெனிக்காக வாசித்தார். மூவருக்கும் சேர்த்து 75 டாலர் கொடுத்தார்கள். அவர்களுடைய முதல் இசைத்தட்டு ஒரு லட்சத்துக்கு மேல் விற்றது. மேற்கொண்டு ஒரு காசு வந்ததா? வரவில்லை. 1931-ல், 39-வது வயதில், பூல் செத்துப்போனார். ஆலைக்குள்ளே வெள்ளையரையும் கறுப்பினத்தவரையும் கதவு போட்டுப் பிரித்தவர்கள், சுரண்டும்போது மட்டும் பேதம் பார்க்கவில்லை!

அவர்கள் வாதமும் நம் பதிலும்

முதல் வாதம்: "நல்ல குடும்பம் ஒன்று அந்த அம்மாளைக் கண்டெடுத்து உலகுக்குக் கொடுத்ததே!" சீகர் குடும்பத்தார் நல்லவர்கள் என்பதை நாம் மறுக்கவில்லை. அவர்கள் செய்தது நேர்மையான காரியம். ஆனால் "கண்டெடுத்தார்கள்" என்ற சொல்லை நாம் ஒப்புக்கொள்ள முடியாது. கண்டெடுக்க அவர் என்ன தெருவில் கிடந்த காசா? ஒவ்வொரு நாளும் அதே வீட்டுக் கதவைத் திறந்து வந்து வேலை செய்தவர் அல்லவா! அந்தக் குழந்தை கடையில் தொலைந்திருக்காவிட்டால்? வேலை கிடைத்த வீட்டில் கித்தாரே இல்லாதிருந்தால்? ஒரு குழந்தை தொலைந்தால்தான் ஒரு கலைஞர் கிடைப்பார் என்றால், அப்படிப்பட்ட ஏற்பாட்டை என்னவென்று சொல்வது? கிடைக்காமலே போனவர்கள் எத்தனை பேர்? அந்தக் கணக்கை எந்தக் கனவான் எழுதி வைத்திருக்கிறார்?

இரண்டாவது வாதம்: "கஷ்டம்தான் அவர் பாட்டுக்கு உரம், வசதியாக இருந்தால் இந்த இசை வந்திருக்காது." வயிறு நிறைந்தவர்கள் சொல்லும் வேதாந்தம் இது! உண்மை நேர் எதிரானது. பாட்டைக் கட்டியது சிறுமியாக இருந்தபோது. பிற்பாடு வந்த வேலைச் சுமை அவருக்குப் பாட்டு எதையும் கொடுக்கவில்லை. கையில் இருந்த கித்தாரையும் பிடுங்கிற்று. முதுமையில் கொஞ்சம் ஓய்வும் மதிப்பும் கிடைத்தவுடன் என்ன நடந்தது? மறுபடி பாட்டுக் கட்டினார்! கொள்ளுப் பேரப்பிள்ளைகளோடு சேர்ந்து கட்டிய "ஷேக் சுகரி" என்ற பாட்டு 1967-ல் வெளிவந்தது. வீட்டுச் சாமான் ஒவ்வொன்றாக அடகுக் கடைக்குப் போகிற கதை அது. அந்தக் கதையை நமக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது வாதம்: "பரம்பரை இசை என்றால் ஒருவரிடமிருந்து இன்னொருவர் எடுத்துக்கொள்வதுதானே? அதைத் திருட்டு என்றால் எப்படி?" இந்த இடத்தில்தான் தெளிவு வேண்டும். அடுத்த வீட்டில் கைமாற்று வாங்குவது வேறு. பூட்டை உடைப்பது வேறு. எலிசபெத்தும் சுற்றுப்புறத்தில் கேட்ட பழைய மெட்டுகளை வாசித்தார். அவர் வாசிப்பைக் கேட்டு எத்தனையோ பேர் கற்றுக்கொண்டார்கள். உழைப்பாளி உழைப்பாளிக்குக் கொடுத்து வாங்கிய கைமாற்று அது. அதனால் இசை வளர்ந்தது. ஆனால் மெட்டை எடுத்து, கட்டியவர் பெயரைச் சுரண்டி எறிந்து, தன் பெயரைப் பதிந்து, விற்ற பணத்தைப் பையில் போட்டுக்கொள்வது கைமாற்று அல்ல. "பரம்பரை" என்ற சொல்லை இந்தத் திருட்டுக்குத் திரையாகக் கட்டுவதைத்தான் நாம் எதிர்க்கிறோம்.

காலம் கடந்து எலிசபெத்துக்கு மரியாதைகள் வந்தன. 1984-ல் அமெரிக்க அரசின் பாரம்பரியக் கலை விருது. 1985-ல் கிராமி விருது. அப்போது வயது 92. 1987-ல் மறைந்தார். ராக் இசையின் முன்னோடி என்று 2022-ல் அவரை ஏற்றுக்கொண்டார்கள். இறந்து 35 ஆண்டு கழித்து! விருதுகளை நாம் குறை கூறவில்லை. ஆனால் 92 வயதில் கொடுக்கும் மாலை, 20 வயதில் பிடுங்கிய கித்தாருக்கு ஈடாகுமா?

ஆகவே நாம் கேட்பது மூன்று. பாட்டுக் கட்டியவருக்குப் பெயர் வேண்டும். விற்றால் அதில் பங்கு வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வேலை முடிந்து வந்த பிறகு வாத்தியத்தை எடுக்கும் அளவுக்கு உடம்பில் தெம்பும் பொழுதில் மிச்சமும் வேண்டும். மூன்றாவது இல்லாவிட்டால் முதல் இரண்டும் காகிதத்தில்தான் இருக்கும்.

பாட்டு எழுதிக்கொள்ள, பதிவு செய்துகொள்ள யாராவது கருவியோடு வந்தால், தோழர்களே, தாராளமாகப் பாடுங்கள். மறைக்க வேண்டாம். ஆனால் பாடி முடித்ததும் ஒன்றைக் கேளுங்கள்: "ஐயா, எங்கள் பெயரை எழுதிக்கொண்டீர்களா?" எழுதவில்லை என்றால் எழுத வையுங்கள், எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். பெயர் இல்லாத நெல்லும் இல்லை, பெயர் இல்லாத நூலும் இல்லை, பெயர் இல்லாத பாட்டும் இல்லை!