இலையை அறியாதார் தூளை நம்புவர்

கல்வராயன் மலையிலிருந்து கடுக்காய் மூட்டை மூட்டையாக இறங்குகின்றது. எங்கெங்கோ சுற்றி, இடிபட்டுத் தூளாகி, பளபளக்கும் பொட்டலத்துள் அடைபட்டு, அம்மலையின் அடிவாரத்திலுள்ள வடக்கனந்தல் போன்ற ஊர்களின் கடைகளுக்கே அது திரும்பி வருகின்றது. இறங்கியபோது அதற்கிருந்த விலை வேறு. திரும்பும்போது கேட்கப்படும் விலை வேறு. அவ்விலை வேற்றுமையினும் பெரிய இழப்பு ஒன்றுண்டு. காயாக இருந்தபோது அதனைக் கையிலெடுத்து, உடைத்துப் பார்த்து, 'இது நல்லது, இது சொத்தை' என்று சொல்லத்தக்க கண்கள் அடிவாரத்தில் இருந்தன. தூளாக வந்தபின் அக்கண்களுக்கு வேலையில்லை. வேலையிழந்த கண் விரைவில் அறிவையும் இழக்கும். மருந்துச் செடிகளைப் பறித்து உலர்த்திச் சேமித்து வைத்தல் என்னும் எளிய வீட்டுவினை தமிழர் இல்லங்களினின்று மறைந்து வருவதன் உண்மையான கேடு இதுவே.

'அதெல்லாம் மருத்துவமனை இல்லாத காலத்து ஏழைமை, இப்பொழுது எதற்கு?' என்று கேட்பாருளர். அவர்கள் அண்மைக்கால நிகழ்ச்சிகளை எண்ணிப் பார்த்தல் வேண்டும். 2012-இல் தமிழகத்தில் டெங்குக் காய்ச்சல் பரவியபோது மக்கள் நிலவேம்புக் குடிநீருக்காக வரிசையில் நின்றனர். 2020-இல் கொரோனாத் தொற்றின்போது கபசுரக் குடிநீருக்காக நின்றனர். அக்குடிநீர்கள் எந்நோயை எவ்வளவு தடுத்தன என்பதை ஆராய்ந்து முடிவு கூறுதல் மருத்துவ அறிஞர் கடமை. இங்குக் கேட்கப்படும் கேள்வி வேறு. கபசுரக் குடிநீரில் சேரும் பதினைந்து சரக்குகளுள் ஆடாதோடை, கற்பூரவள்ளி, சீந்தில், நிலவேம்பு, கோரைக்கிழங்கு ஆகியவை வேலியிலும் வரப்பிலும் கொல்லையிலும் வளர்வன. வரிசையில் நின்றவருள் எத்தனை பேர் அவற்றைச் செடியாகக் கண்டால் பெயர் சொல்லியிருப்பர்? தம் கொல்லையில் நிற்கும் செடியின் தூளைத் தெருமுனைக் கடையில் விலைகொடுத்து வாங்கிய வீடுகள் எத்தனை?

தூளில் கலப்படம் செய்வது எளிது. அதனைக் கண்டறிவது அரிது. கீழாநெல்லி என்று விற்கப்படும் சரக்கில் அதன் இனத்தைச் சேர்ந்த வேறு செடிகள் கலந்திருத்தலை ஆய்வாளர் பன்முறை கண்டறிந்துள்ளனர். முழுச்செடியாக வாங்குபவரை அவ்வாறு ஏமாற்றுதல் கடினம். ஏனெனில் தமிழில் செடியின் பெயரே பலவிடத்து அதன் அடையாளச் சீட்டாக அமைந்துள்ளது. இலை வரிசையின் கீழே நெல்லிபோற் சிறுகாய் தொங்கக் காண்பது கீழாநெல்லி. நிலத்தை ஒட்டி வளர்ந்து வேம்பெனக் கசப்பது நிலவேம்பு. கைகால் முடக்கை அறுப்பது என்னும் நம்பிக்கையிற் பெயர் பெற்றது முடக்கற்றான். பெயரைக் கேட்டவன் செடியைத் தேடலாம். செடியைக் கண்டவன் பெயரைச் சரிபார்க்கலாம். தூளுக்கு இவ்விரண்டும் இல்லை.

பறிக்கும் பருவம் முதலாவது அறியத்தக்கது. மணமுள்ள இலைகளான துழாய் (துளசி), புதினா, ஓமவள்ளி எனப்படும் கற்பூரவள்ளி போன்றவற்றைப் பூக்கும் முன்னரே பறித்தல் நன்று. முழுச்செடியாகப் பயன்படும் கீழாநெல்லி, நிலவேம்பு ஆகியவற்றைப் பூக்கும் பருவத்தில் எடுப்பர். விதைகள் முற்றிப் பழுப்பேறிய பின்னும், வேர்களும் கிழங்குகளும் தழை ஓய்ந்த பின்னும் எடுக்கத்தக்கன. எதுவாயினும் பனிநீர் உலர்ந்த பின், வெயில் ஏறுமுன் பறித்தல் வேண்டும். சாலையோரத்துச் செடியையும், பூச்சிமருந்து தெளித்த வயலின் வரப்புச் செடியையும் தொடற்க. இருப்பதையெல்லாம் வழித்தெடுத்தலும் அறமன்று. மூன்றிலொரு பங்கு கொண்டு, எஞ்சியதை விதைக்கு விடுக. வீட்டுத் தேவைக்கென்று மலைக்காட்டைச் சூறையாடுதல் அதனினும் பிழை. 2006-ஆம் ஆண்டு வனவுரிமைச் சட்டம் சிறுவன விளைபொருள்மீதான உரிமையைக் காடுவாழ் மக்களுக்கே அளித்துள்ளது. கல்வராயன் மலையில் வாழும் மலையாளி மக்களிடம் உரிய விலை கொடுத்து வாங்குவதே முறை.

அடுத்தது உலர்த்தல். இங்குத் தமிழ்ச் சொற்களே ஆசிரியராக நின்று கற்பிக்கின்றன. வாடல் வேறு, உலர்தல் வேறு, காய்தல் வேறு, வற்றல் வேறு. இலை துவண்டு தொங்குவது வாடல். காற்றுப்பட்டு ஈரம் நீங்குவது உலர்தல். வெயிலிலோ வெப்பத்திலோ ஈரம் போவது காய்தல். மணத்தக்காளியும் சுண்டையும் மோரிலும் உப்பிலும் ஊறி வெயிலில் சுருங்கினால் அது வற்றல். இலைகளை உலர்த்த வேண்டுமேயன்றிக் காயவைக்கக் கூடாது. கடும் வெயிலில் இலையின் பச்சை நிறம் வெளுக்கும். மணத்துக்குக் கரணியமான ஆவியாகும் எண்ணெயும் பறந்தோடும். ஆகலின் இலைகளை அலசி, நீர் வடித்து, தூய பருத்தித் துணியிலோ முறத்திலோ ஒன்றன்மேல் ஒன்று படியாதவாறு பரப்பி, காற்றோட்டமுள்ள நிழலில் வைத்து, நாள்தோறும் திருப்பிவிடுக. கறிவேப்பிலை, முருங்கை போன்ற மெல்லிலைகள் சில நாள்களில் உலரும். சாறு மிகுந்த கற்பூரவள்ளி எளிதில் உலராது. நெருக்கிப் பரப்பினால் கறுத்து அழுகும். வேர், கிழங்கு, கடுக்காய், மிளகாய் ஆகியவற்றுக்கு வெயில் வேண்டும். கடுக்காயின் உள்ளிருக்கும் கொட்டையையும் சுக்கின் மேல்தோலையும் நீக்கியே பயன்படுத்துதல் முன்னோர் வழக்கு.

உலர்ந்ததை அறிவது எவ்வாறு? கையிலெடுத்து நெரித்தால் இலை சலசலத்து நொறுங்கவேண்டும். காம்பு வளையாமல் ஒடியவேண்டும். அந்நிலைக்குத் தமிழர் இட்ட பெயர் சருகு. பச்சையிலையின் எடையில் பெரும்பகுதி நீரே. அது பத்து விழுக்காட்டளவிற்குக் குறைந்தாலன்றிச் சேமித்தல் கூடாது. வாடலைச் சருகென்று மயங்கிச் சாடியில் இட்டவர் வீட்டில் பூஞ்சணமே விளையும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இப்பிழை மிகுதியாக நேர்கின்றது. அப்பொழுது வீட்டினுள் பரப்பி, மின்விசிறிக் காற்றில் உலர்த்துதல் தக்கது.

பூஞ்சணத்தைச் சிறிதென்று எண்ணற்க. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு நூறாயிரத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் இறந்தொழிந்தன. அவற்றுக்கு இட்ட நிலக்கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சணம் படிந்து நஞ்சு ஊறியிருந்ததே கரணியமெனப் பின்னர்க் கண்டறிந்தனர். அப்ளாடாக்சின் எனப்படும் அந்நஞ்சு கல்லீரலைக் கெடுப்பது; கொதிக்க வைத்தாலும் முற்றும் அழியாதது. எனவே பூத்த சரக்கைத் துடைத்து வெயிலிற் போட்டு மீண்டும் பயன்படுத்துதல் சிக்கனமன்று, தனக்குத்தானே நஞ்சூட்டுதலாகும். முழுவதையும் எறிந்துவிடுக.

சேமிப்பதற்குக் கண்ணாடிக் குடுவையோ பீங்கான் சாடியோ சிறந்தது, நெகிழிப்பை ஆகாது. ஒளியும் ஈரமும் அடுப்பின் வெப்பமும் எட்டாத இடத்தில் வைக்க. இலையை இலையாகவும் வேரை வேராகவும் வைத்து, வேண்டும்போது வேண்டுமளவே இடிக்க. இடித்துவிட்டால் காற்றுப்படும் பரப்பு பன்மடங்காகி, மணமும் ஆற்றலும் விரைந்து குன்றும். இலைச் சருகை ஆண்டுக்கொருமுறை புதுப்பிக்க. சாடியின்மேல் செடியின் பெயர், பறித்த நாள், பறித்த இடம் ஆகிய மூன்றையும் தமிழில் எழுதி ஒட்டுக.

இவ்வெழுத்துச் சீட்டைச் சிலர் வீண்வேலையெனக் கருதக்கூடும். எழுத்தின் பயனை மஞ்சள் உணர்த்தியது. புண்ணை ஆற்றுதற்கு மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு 1995-இல் அமெரிக்காவில் மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையத்தைச் சேர்ந்தோர்க்குக் காப்புரிமம் வழங்கப்பட்டது. தமிழ்நாட்டுப் பாட்டியர் அனைவரும் அறிந்திருந்த செய்தியே அது! ஆயினும் பாட்டியர் அறிவை எடுத்துக்காட்டிக் காப்புரிமத்தை நீக்க முடியவில்லை. இந்திய அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம் எழுத்துச் சான்றுகளைத் திரட்டிக் காட்டிய பின்னரே 1997-இல் அது நீக்கப்பட்டது. அதன் பின்னர், 2001-இல் மரபறிவு மின்னூலகம் தொடங்கப்பட்டு, சித்த மருத்துவ நூல்களின் செய்திகளும் அதிற் சேர்க்கப்பட்டன. எழுதப்படாத அறிவு எவரும் கவரத்தக்க அறிவு என்பதே இதன் பாடம். நூலேறிய செய்திகளை நூலகம் காக்கும். ஒவ்வொரு வீட்டுக் கொல்லையிலும் ஒவ்வோர் ஊர் வரப்பிலும் வழங்கும் அறிவை அவ்வவ் வீட்டாரும் ஊராருமே எழுதிக் காக்கவேண்டும்.

இறுதியாக ஒன்று. வீட்டுச் சாடி மருத்துவர்க்கு மாற்றன்று. மஞ்சட்காமாலைக்குக் கரணியங்கள் பல. ஆய்ந்தறியாமல் கீழாநெல்லியை மட்டும் நம்பிக் காலங்கடத்தி உயிரிழத்தல் தமிழ்ப்பற்று ஆகாது. கருவுற்றார்க்கும் குழந்தைகளுக்கும் தக்க மருத்துவரைக் கேளாமல் எதனையும் கொடுத்தல் தவறு. அளவும் துணைமருந்தும் அறியாதார் கையில் நல்ல சரக்கும் கேடு செய்யும்.

மேடைதோறும் சித்தர் பெருமை முழங்குகின்றது, கைதட்டலும் குறைவில்லை. முழங்கியவரும் தட்டியவரும் வீட்டுக்குச் செல்லும் வழியில் தூள் பொட்டலம் வாங்கிச் செல்கின்றனர்! தம் கொல்லைச் செடியின் பெயரைத் தம் பிள்ளைக்குச் சொல்லமாட்டாத ஓர் இனம், பதினெண் சித்தர் பெயரை வரிசையாக ஒப்பித்து என்ன பயன்? வடக்கனந்தலிலும் அதுபோன்ற எவ்வூரிலும், பள்ளிப்பிள்ளை ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு செடியைக் கண்டு, பெயர் கேட்டு, பறித்து, சருகாக்கி, சீட்டெழுதிச் சாடியில் வைக்கப் பழகட்டும். பத்தாண்டுப் படிப்பு முடியுமுன் பத்துச் செடிகள் அப்பிள்ளைக்கு உறவாகும். அதற்குத் துணைநின்று செடி காட்டவல்ல முதியோர் இன்னும் ஊரில் இருக்கின்றனர். அவர்கள் இருக்கும்போதே கேட்டறிக!