பேய்க்கதை இருக்கட்டும், பேயோட்டல் போகட்டும்

"அக்கா, முழிப்பு வந்துடுது, கண்ணு நல்லாத் தெரியுது. ஆனா நெஞ்சு மேல யாரோ ஏறி உட்கார்ந்து அமுக்குறாங்க. கத்துறேன், சத்தம் வரல." பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் ஞாயிறு காலைகளில் நான் நடத்தும் யோகா வகுப்புக்கு வரும் பெண்களிடம் இதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் கார்மென்ட்ஸ் தையல் வேலைக்குப் போகிறவர்கள். அண்மையில் ஒரு பெண் மணிக்கட்டில் கறுப்புக் கயிற்றோடு வந்தார். தலையணைக்கடியில் எலுமிச்சம்பழமும் இரும்புத் துண்டும் வைத்துத் தூங்குவதாகச் சொன்னார். தங்கவயல் பக்கம் ஒரு பூசாரியிடம் அழைத்துப் போக மாமியார் நாள் குறித்துவிட்டாராம். "நாலு அடி அடிச்சாப் போயிடுமாம்" என்றார். அந்த நாலு அடி விழக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அமுக்குவான் பேய் என்று நம் பாட்டிகள் சொன்னதை மருத்துவம் தூக்கப் பக்கவாதம் என்கிறது. கனவு காணும் தூக்கத்தில், கனவுக்கேற்ப நாம் எழுந்து ஓடிவிடாதபடி மூளை உடலின் தசைகளைச் செயலிழக்க வைக்கிறது. அந்தக் கட்டு அவிழுமுன் விழிப்பு வந்துவிட்டால் உடல் அசையாது, மார்பு கனக்கும், அறையில் யாரோ நிற்பதுபோலத் தோன்றும். சில நொடிகள், மிஞ்சினால் சில நிமிடங்களில் தானே விலகிவிடும். ஜப்பானியர் இதைக் கனாஷிபாரி என்கிறார்கள். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து மீனவக் குடும்பங்கள் மார்பில் அமரும் கிழவி என்றார்கள். தூக்கம் குறைந்தவர்களுக்கும் நேரங்கெட்டுத் தூங்குகிறவர்களுக்கும் மன அழுத்தம் உள்ளவர்களுக்கும் இது அதிகம் வரும். விடியுமுன் எழுந்து சமைத்து, பிள்ளைகளைக் கிளப்பி, நாளெல்லாம் மெஷினில் குனிந்து, இரவு பாத்திரம் கழுவிப் படுக்கும் பெண்ணுக்கு வராமல் வேறு யாருக்கு வரும்?

பேய்க்கதைகள் மீது எனக்கு இளக்காரம் இல்லை. 1990களில் இந்த நகரத்தில் பரவிய 'நாளே பா' கதையோடு வளர்ந்தவள் நான். இரவில் ஒருத்தி வந்து, நமக்கு வேண்டியவர்களின் குரலில் கூப்பிட்டுக் கதவைத் தட்டுவாள்; திறந்தால் உயிர் போகும். 'நாளை வா' என்று கன்னடத்தில் கதவில் எழுதிவைத்தால் படித்துவிட்டுத் திரும்பிவிடுவாள். கன்னடம் எழுதத் தெரியாத எங்கள் தெருத் தமிழ் வீடுகளுக்கு, பள்ளிக்கூடப் பிள்ளைகள்தான் சாக்பீஸால் எழுதிக்கொடுத்தோம். மழையில் அழிந்தால் மறுபடி எழுதுவோம். ஆண்கள் இரவு ஷிப்டுக்குப் போய்விட்ட வீடுகளில், அகாலத்தில் கதவைத் திறக்காதே என்ற எச்சரிக்கையை அந்தக் கதை காவலாகச் சுமந்தது. யாரையும் கட்டவில்லை, அடிக்கவில்லை. அப்படிப்பட்ட கதை எந்தத் தெருவிலும் வாழலாம்.

இரவுப் பயத்தோடு நிலாவையும் சேர்த்துப் பேசுகிறோம். பௌர்ணமியில் பித்து முற்றும், அமாவாசையில் ஆவி உலவும் என்பார்கள். இதே பெங்களூரில் சைத்ர மாதப் பௌர்ணமி இரவில் தர்மராயசுவாமி கோயிலிலிருந்து கரகம் புறப்படுகிறது. திகளர் சமூகத்து ஆண் ஒருவர் புடவையும் வளையலும் அணிந்து, மல்லிகைப் பூ மூடிய கரகத்தைத் தலையில் ஏந்தி, திரௌபதியாகவே நடந்து வருகிறார். வாள் ஏந்திய வீரகுமாரர்கள் கூட வர, மஸ்தான் சாகிப் தர்காவுக்கும் சென்றுவிட்டுத்தான் ஊர்வலம் திரும்பும். கைக்குழந்தையோடு தாய்மார் விடிய விடிய நிற்பார்கள். அந்தக் கூட்டத்தில் நானும் நின்றிருக்கிறேன். நிலா வெளிச்சத்தைக் கண்டு அங்கே ஒருவரும் பயந்ததில்லை. தனிமைதான் இரவைப் பயமாக்குகிறது. துணை இருந்தால் அதே இரவு திருவிழா.

நிலாவுக்கும் தூக்கத்துக்கும் தொடர்பே இல்லை என்றும் சொல்லமாட்டேன். அர்ஜென்டினாவின் தோபா பழங்குடியினரிடமும் அமெரிக்காவின் சியாட்டில் மாணவர்களிடமும் நடத்தி 2021இல் வெளியான ஆய்வு, பௌர்ணமிக்கு முந்தைய இரவுகளில் மக்கள் தாமதமாகவும் குறைவாகவும் தூங்குவதைக் கண்டது. பௌர்ணமியில் மனநோய் பெருகுகிறது என்பதற்கோ ஆய்வுகளில் உறுதியான சான்று கிடைக்கவில்லை. 2023 ஆகஸ்ட் 23 அன்று, விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-3, நிலவின் தென்துருவப் பகுதியில் இறங்கியது. அதை இயக்கிய கட்டுப்பாட்டு மையம் பெங்களூரு பீன்யாவில் இருக்கிறது. நிலவைத் தொட்ட இந்த ஊரில், நிலாவின் பெயரால் ஒரு பெண்ணைக் கட்டிவைத்து அடிப்பதை எப்படிப் பொறுப்பது?

யோகத்திலும் நிலா உண்டு. இடது மூச்சைச் சந்திர நாடி என்பது மரபு. மைசூரு பட்டாபி ஜோயிஸ் வழியில் பயில்பவர்கள் பௌர்ணமி, அமாவாசைகளில் ஆசனப் பயிற்சிக்கு ஓய்வு விடுகிறார்கள். கறுப்புக் கயிற்றோடு வந்த பெண்ணுக்கு நான் சொன்னது எளியது: மல்லாந்து படுக்காதே, ஒருக்களித்துப் படு. படுக்குமுன் பத்து நிமிடம், நான்கு எண்ணி மூச்சை இழு, ஆறு எண்ணி விடு. நீளமாக மூச்சு விடும்போது நெஞ்சுத் துடிப்பு தணியும். மறுபடி அமுக்கினால் திமிறாதே. மூச்சைக் கவனி, ஒரு விரலை மட்டும் அசைக்கப் பார். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கு. அதற்கு வீட்டு வேலையில் கணவர் பாதியை எடுத்துக்கொள்ள வேண்டும். அவரையும் அழைத்துப் பேசினேன்.

யோகா எல்லாவற்றையும் தீர்க்கும் என்று சொல்லும் ஆசிரியரை நம்பாதீர்கள். இந்த அமுக்கம் அடிக்கடி வந்தால், பகலில் தாங்கமுடியாத தூக்கம் சொக்கினால், மருத்துவரைப் பார்க்கவேண்டும். நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இதே ஊரில் இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இலவசமாக, தமிழிலேயே மனநல ஆலோசனை பெறலாம்.

பேயோட்டுகிறேன் என்று கட்டுவதும் சாட்டையால் அடிப்பதும் கர்நாடகத்தில் குற்றம். 2017இல் நிறைவேறி 2020இல் நடைமுறைக்கு வந்த சட்டம் அதைச் சொல்கிறது. ஆனால் சட்டம் இருப்பது மாமியாருக்குத் தெரியாது, மருமகளுக்கும் தெரியாது. ஜூன் 21இல் யோகா தினம் கொண்டாடும் ஒவ்வொரு தொழிற்சாலையும், தூக்கத்தைப் பற்றியும் இந்தச் சட்டத்தைப் பற்றியும் ஒரு மணி நேரம் தன் தொழிலாளர்களிடம் பேசட்டும். உங்கள் வீட்டில் ஒரு பெண் "பேய் அமுக்குது" என்றால், முதலில் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: நீ எத்தனை மணி நேரம் தூங்குகிறாய்?