பம்பர் யாரைக் காக்கிறது?

கார்களின் முகப்பில் இரும்புக் குழாய்த் தடுப்புகளைப் பொருத்துவது சட்டவிரோதம் என்றும், அவற்றைப் பொருத்தியவர்கள் மீது நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநில அரசுகளுக்குக் கடிதம் எழுதியது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது. விவகாரம் தில்லி உயர் நீதிமன்றம் வரை சென்றது. தயாரிப்பாளர் வகுத்த அமைப்புக்கு மாறாக வாகனத்தில் மாற்றம் செய்யக் கூடாது என்று, கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் நிறைவேறிய சட்டத் திருத்தம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ. 5,000 அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என விதித்தது.

இத்தனைக்குப் பிறகும் இரும்புத் தடுப்புடன் ஓடும் வாகனங்களைத் தேசிய நெடுஞ்சாலைகளில் காண்பது அரிதல்ல. அவற்றில் கட்சிக் கொடி கட்டியவையும் உண்டு. 'அரசுப் பணி' என்று எழுதி ஒட்டியவையும் உண்டு. காவல்துறையின் மெத்தனம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். அது பாதிக் காரணம்தான். தடையைப் பிறப்பித்தவர்கள், காரின் உரிமையாளர் எதற்காக அந்த இரும்பை நாடுகிறார் என்ற கேள்வியைக் கேட்கவே இல்லை என்பதுதான் மீதிக் காரணம்.

வாகன நிறுத்துமிடத்தில் பின்னால் வந்த கார் மெதுவாக இடிக்கிறது. நடை வேகத்துக்குச் சற்றே அதிகமான வேகம்தான். பிளாஸ்டிக் பம்பர் பிளக்கிறது; அதையொட்டிய விளக்கும் சில சமயம் உடைகிறது. காப்பீட்டு நிறுவனத்திடம் போனால், சாதாரணப் பாலிசியில் பிளாஸ்டிக் பாகங்களுக்குத் தேய்மானமாக 50 சதவீதம் கழிக்கப்படும். இழப்பீடு கோரினால், மறு ஆண்டு பிரீமியத்தில் கிடைக்க வேண்டிய 'நோ கிளைம்' சலுகையும் போய்விடும். ஆகவே பலரும் இழப்பீடு கேட்காமல் கைப்பணத்தைச் செலவிடுகிறார்கள். இரண்டு முறை இப்படிச் செலவழித்தவர் மூன்றாவது முறை எங்கே போவார்? சில ஆயிரம் ரூபாயில் இரும்புக் குழாயை வளைத்துப் பொருத்தித் தரும் பட்டறைக்குத்தான் போவார். அவர் சட்டத்தை மீறுகிறார் என்பது உண்மை. ஆனால், பம்பர் என்ற பெயரில் விற்கப்பட்ட பொருள் பம்பரின் வேலையைச் செய்யவில்லை என்பதும் உண்மை.

பம்பர் தொடக்கத்தில் இப்படி இருக்கவில்லை. இங்கிலாந்தின் மோட்டார் தொழில் முன்னோடியான ஃபிரடெரிக் சிம்ஸ் 1905-இல் ரப்பர் பம்பரை அறிமுகப்படுத்தினார். அமெரிக்காவில் 1920-களில் ஸ்பிரிங் எஃகுப் பட்டைகள் பரவலாயின. 1928 முதல் 1931 வரை தயாரான ஃபோர்டு 'மாடல் ஏ' காரின் முன்னால், ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு எஃகுப் பட்டைகள் இருக்கும். லாரியின் அடியில் பாரம் தாங்கும் பட்டை ஸ்பிரிங்கின் அதே குணம் அவற்றுக்கும் உண்டு. இடிபட்டால் வளையும், இடி விலகினால் பழைய வடிவத்துக்குத் திரும்பும். பின்னர் குரோமியப் பளபளப்பு வந்தது, பம்பர் அணிகலனாயிற்று. சிறு மோதல்களின் பழுதுச் செலவு கண்டு அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களும் நுகர்வோரும் கொதித்தெழுந்த பிறகே, அந்நாட்டு அரசு தலையிட்டது. 1973-ஆம் ஆண்டு மாடல் முதல், மணிக்கு 8 கி.மீ. வேக முன்பக்க மோதலைக் காரின் விளக்குகளும் பாதுகாப்பு உறுப்புகளும் சேதமின்றித் தாங்க வேண்டும் என்று விதி வந்தது. ரீகன் ஆட்சியில், 1982-இல் அந்த வேகம் பாதியாகக் குறைக்கப்பட்டது. கார் நிறுவனங்களின் சுமையைக் குறைப்பதே அன்று சொல்லப்பட்ட நியாயம். ஐ.நா.வின் 42-வது வாகன விதியும் 4 கி.மீ. வேகத்தோடு நின்றுவிடுகிறது. மனிதர் நடக்கும் வேகம் அது.

வேகம் பாதியானால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கலாம். மோதல் ஆற்றல் வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் உயர்வது என்பதால், 8 கி.மீ.க்கும் 4 கி.மீ.க்கும் இடையே நான்கு மடங்கு வேறுபாடு. பயணிகளோடு 1,000 கிலோ எடையுள்ள சிறிய காரை எடுத்துக்கொள்வோம். 8 கி.மீ. வேகத்தில் சுவரில் மோதும்போது பம்பர் 5 செ.மீ. உள்வாங்கிக் கொடுத்தால், சராசரி விசை சுமார் 5 டன். உள்வாங்கல் ஒரே ஒரு செ.மீ. என்றால் அதே மோதலில் 25 டன். பம்பர் வடிவமைப்பின் சூட்சுமம் முழுவதும் அந்த நான்கு செ.மீ. இடைவெளியில்தான் இருக்கிறது. எஃகு எவ்வளவு தடிமன் என்பதைவிட, அது எவ்வளவு தூரம் வளைந்து கொடுக்கிறது என்பதே முக்கியம். பட்டறையில் பொருத்தும் இரும்புக் குழாய்க்கு இந்த இடத்தில்தான் தோல்வி. அது வளைவதே இல்லை. வாங்கிய அடியை அப்படியே சேசிஸுக்குக் கடத்துகிறது.

அதே கார் 64 கி.மீ. வேகத்தில் மோதினால் ஆற்றல் 64 மடங்கு. இதைத் தாங்கும் ஸ்பிரிங் எந்தக் காரிலும் இல்லை, இருக்கவும் முடியாது. அங்கே காரின் முன்பகுதி முழுவதுமே அரை மீட்டருக்கும் அதிகமாக நசுங்கி, உள்ளிருப்பவரின் மீது வரும் அடியைக் குறைக்க வேண்டும். இரும்புத் தடுப்பு இந்த நசுங்கலையும் குலைக்கிறது. காற்றுப்பை எந்த நொடியில் விரிய வேண்டும் என்று தீர்மானிக்கும் உணரிகளையும் ஏமாற்றக்கூடும். ஓட்டுநருக்கான காற்றுப்பையை 2019 ஜூலையிலும், முன் இருக்கைப் பயணிக்கானதை 2021-இலும் அரசு கட்டாயமாக்கியது. அதற்கும் சேர்த்துப் பணம் கொடுத்து வாங்கிய காரில், அதன் பயனைக் கெடுக்கும் குழாயையும் பணம் கொடுத்துப் பொருத்திக்கொள்வது விசித்திரம்தான்.

காருக்குள் இருப்பவரின் கதை இது. வெளியே நிற்பவரின் கதை இன்னும் கொடியது. அமைச்சகத்தின் அறிக்கையின்படி 2022-இல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 32,825 பேர் பாதசாரிகள். ஏறத்தாழ 75 ஆயிரம் பேர் இரு சக்கர வாகனங்களில் சென்றவர்கள். பெரியவரின் தொடையில் படும் இரும்புக் குழாய், பள்ளிச் சிறுவனின் மார்பிலோ தலையிலோ படுகிறது. வாகனத்தின் முகப்பு மோதப்படுபவருக்கும் ஏற்றதாக வடிவமைக்கப்பட வேண்டும் என்பதைத் தில்லி ஐஐடி-யின் பேராசிரியர் தினேஷ் மோகன், 2021-இல் கொரோனாவுக்குப் பலியாகும் வரை, பல ஆண்டுகளாக வலியுறுத்தி வந்தார். பாதசாரிகளுக்கு ஆபத்து குறைந்த பேருந்து முகப்பு பற்றிய ஆய்வில் அவர் பங்கேற்றது 1990-களின் தொடக்கத்திலேயே. தலைநகரின் அதிகார வட்டாரங்கள் அவரை மதித்தன. அவர் சொன்னதை அந்த அளவுக்கு மதித்தன என்று சொல்ல முடியாது.

காரின் பம்பர் வளைந்து கொடுக்க வேண்டும் என்றால், லாரியின் பின்புறத் தடுப்பு வளையவே கூடாது. விபத்துகளில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல், பின்னாலிருந்து மோதும் வகையைச் சேர்ந்தவை. லாரியின் தளம் காரின் பானட்டைவிட உயரமாக இருப்பதால், தடுப்பு இல்லாத லாரியில் மோதும் கார் அப்படியே அடியில் புகுந்துவிடுகிறது. நசுங்க வேண்டிய முன்பகுதி எதிலும் படாமல் கடந்துபோய், கண்ணாடியும் கூரையும் முதலில் அடிபடுகின்றன. அந்த நிலையில் நட்சத்திர மதிப்பீடும் காற்றுப்பையும் எந்தப் பயனும் தருவதில்லை. ஹாலிவுட் நடிகை ஜேன் மேன்ஸ்ஃபீல்டு 1967-இல் இப்படித்தான் இறந்தார். அமெரிக்க லாரிகளின் பின்புறச் சட்டத்தை இன்றும் அவர் பெயரால் அழைப்பவர்கள் உண்டு.

இந்தியாவிலும் இதற்குத் தரநிலை இருக்கிறது. பின்புறத் தடுப்பின் அடிவிளிம்பு தரையிலிருந்து 550 மி.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது 2005-ஆம் ஆண்டின் ஐஎஸ் 14812. ஆனால் லாரி பல நேரங்களில் வெறும் சேசிஸாகத்தான் விற்பனையாகிறது. உடற்பகுதி நாமக்கல், திருச்செங்கோடு போன்ற ஊர்களின் பட்டறைகளில் கட்டப்படுகிறது. தடுப்பு என்ற பெயரில் ஒரு மெல்லிய குழாயைப் பற்ற வைத்து, தகுதிச் சான்று வாங்கிய பின் ஏற்றி இறக்க இடைஞ்சல் என்று வளைத்து விடுவதும் நடக்கிறது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஆய்வாளர் பார்ப்பது தடுப்பு இருக்கிறதா என்பதைத்தான். அது எத்தனை டன் தாங்கும் என்பதைக் கண்ணால் பார்த்து எவராலும் சொல்ல முடியாது. டிசம்பர், ஜனவரி மாதங்களில் தில்லியைச் சுற்றியுள்ள நெடுஞ்சாலைகளை மூடுபனி சூழும்போது, ஓரத்தில் நிற்கும் லாரியின் பின்னால் அடுத்தடுத்து வாகனங்கள் மோதும் செய்தி ஆண்டுதோறும் வருகிறது.

கோவை எலும்பு முறிவு சிகிச்சை நிபுணர் எஸ். ராஜசேகரன் 2012-இல் தொடுத்த பொதுநல வழக்கில்தான், உச்ச நீதிமன்றம் 2014-இல் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழுவை அமைத்தது. அறுவை சிகிச்சை அறையில் தினமும் பார்த்ததை ஒரு மருத்துவர் நீதிமன்றத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டியிருந்தது என்பது, நாடாளுமன்றம் பெருமைப்படத்தக்க செய்தி அல்ல.

அதே 2014 ஜூனில், பதவியேற்ற சில நாள்களிலேயே மத்திய அமைச்சர் கோபிநாத் முண்டே தில்லி சாலை விபத்தில் உயிரிழந்தார். புதிய சட்டம் கொண்டுவரப்படும் என்று அரசு அறிவித்தது. வரைவு தயாராயிற்று; கைவிடப்பட்டது. 2016-இல் திருத்த மசோதா அறிமுகமாயிற்று. 2017 ஏப்ரலில் மக்களவையைக் கடந்து, மாநிலங்களவையின் தேர்வுக் குழுவுக்குச் சென்று, 16-வது மக்களவையோடு காலாவதியானது. மீண்டும் வந்து 2019 ஆகஸ்டில் சட்டமாயிற்று. ஐந்தாண்டுகள் நீடித்த விவாதத்தில் அபராதத் தொகையும் மாநிலங்களின் உரிமையும் பெரிதும் பேசப்பட்டன. மாநில உரிமை குறித்துத் தமிழக உறுப்பினர்கள் எழுப்பிய ஆட்சேபங்களில் நியாயம் இருந்தது. வாகனத்தின் எஃகு பற்றிய பேச்சோ அவற்றின் நிழலில் மறைந்துபோனது. குறையுள்ள வாகனங்களைத் திரும்பப் பெற உத்தரவிடும் 110ஏ பிரிவு அச்சட்டத்தின் நல்ல அம்சம். ஆனால், எது குறை என்று சொல்லத் தெளிவான தரநிலை இல்லாத இடத்தில் அந்தப் பிரிவால் என்ன செய்ய முடியும்?

உறுதியான பம்பர் காரின் எடையையும் விலையையும் எரிபொருள் செலவையும் கூட்டும் என்பது தயாரிப்பாளர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில். இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஸ்பிரிங் எஃகுக்கு இன்னொரு குறையும் உண்டு. வாங்கிய ஆற்றலைத் திருப்பித் தருவதால், அது காரைப் பின்னுக்கு உந்தும். பாதசாரியின் காலுக்கு மென்மையாகவும் சுவருக்கு உறுதியாகவும் ஒரே பம்பர் இருக்க வேண்டும் என்பது பொறியாளருக்கு எளிய வேலையுமல்ல. அதனால்தான் இன்று வெளியே மெல்லிய உறை, உள்ளே ஆற்றலை உறிஞ்சும் நுரை, அதன் பின்னே எஃகு அல்லது அலுமினியக் குறுக்குச் சட்டம் என்று மூன்று அடுக்காக வடிவமைக்கிறார்கள். பழுதானால் குறுக்குச் சட்டத்தைத் தாங்கும் சிறு பெட்டிகளை மட்டும் கழற்றி மாற்றும் முறையும் வந்துவிட்டது. எந்த உலோகம் என்பதை அரசு சொல்ல வேண்டியதில்லை. 8 கி.மீ. வேகத்தில் மோதினால் எது உடையக் கூடாது என்பதைச் சொன்னால் போதும்.

2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் மதிப்பீடு, பெரியவர், குழந்தைகள் பாதுகாப்புக்கு நட்சத்திரம் தருகிறது. சிறு மோதலில் எவ்வளவு செலவாகும் என்பதற்கு அதில் மதிப்பெண் இல்லை. வெளிநாடுகளில் காப்பீட்டு நிறுவனங்களே 10, 15 கி.மீ. வேகத்தில் கார்களை மோதவிட்டுப் பார்த்து, பிரீமியத்தை நிர்ணயிக்க அதைப் பயன்படுத்துகின்றன. இந்தியாவில் அந்தச் செலவு, வாங்கியவர் முதல் இடியைச் சந்திக்கும் நாளில்தான் தெரியவருகிறது.

இவற்றுக்கெல்லாம் புதிய மசோதா தேவையில்லை. தேர்வுக் குழுவும் தேவையில்லை. வாகனங்களின் கட்டமைப்பு குறித்து விதிகள் வகுக்கும் அதிகாரத்தைச் சட்டத்தின் 110-வது பிரிவு ஏற்கெனவே மத்திய அரசுக்கு வழங்கியுள்ளது. தரநிலைகளை வகுக்கும் குழுவின் செயலகம் புணேயில் இயங்குகிறது. காரின் பம்பருக்குப் புதிய மோதல் வேகம், சேசிஸாக விற்கப்படும் லாரிக்குத் தொழிற்சாலையிலேயே சோதித்துப் பொருத்திய பின்புறத் தடுப்பு என இரண்டு வரைவு அறிவிக்கைகளை வெளியிட்டு, வழக்கம்போல் 30 நாள்கள் பொதுமக்களின் கருத்தைக் கேட்டாலே பணி தொடங்கிவிடும். அடுத்த மூடுபனிப் பருவத்துக்கு முன் அதைச் செய்ய அமைச்சகத்துக்கு அவகாசம் இருக்கிறது.