கையில ஒண்ணு, பையில ஒண்ணு

செல்போன் வந்த புதுசுல நம்ம சனம் முதல்ல கழட்டிப் போட்டது கைக்கடிகாரத்தைத்தான். "மணி பாக்கத்தான் செல்லு இருக்கே, பொறவு எதுக்கு இது?" என்று ஒவ்வொருத்தரா டிராயருக்குள்ள போட்டார்கள். கோவில்பட்டியில் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருந்தவர்களில் சிலபேர் அதே கண்ணாடிப் பெட்டியில் செல்போன் கவரும் சார்ஜரும் அடுக்கி வியாபாரத்தை மாற்றிக்கொண்டார்கள். அப்படி விரட்டி விட்ட வாட்ச், கொஞ்ச வருசம் கழித்து அதே செல்போனின் கையைப் பிடித்துக்கொண்டு, மறுவீட்டுக்கு வரும் மாப்பிள்ளை மாதிரி ஜம்முனு திரும்பி வந்திருக்கிறது. செல்போன் இருக்கும்போது வாட்ச் எதுக்கு என்று கேட்ட அதே ஆட்கள், இப்ப செல்போன் இருக்கு, அதுக்கு ஒரு வாட்ச் வேணும் என்கிறார்கள்.

வேணுமா? என்னோட பதில்: பெரும்பாலானவங்களுக்கு வேண்டாம். சிலபேருக்கு நிச்சயம் வேணும். அந்தச் சிலபேர் யார் என்பதில்தான் கடைக்காரனுக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை.

நம்ம ஊரைப் பற்றி ஒரு வரி சொல்லிவிடுகிறேன். மதுரை-தூத்துக்குடி நாலுவழிச் சாலையில் எட்டயபுரம் தாண்டினா எப்போதும்வென்றான். (ஊர் பேரே அதுதாங்க. சென்னையில் சொன்னா இன்னைக்கும் நம்ப மாட்டேங்கிறாங்க.) சுத்திலும் கரிசக்காடு. உளுந்து, பாசி, மக்காச்சோளம், பருத்தி எல்லாம் வானம் பாத்து. இங்கே ஒருகாலத்தில் கையில் வாட்ச் கட்டியிருந்தா அவர் வாத்தியார், இல்லைன்னா புது மாப்பிள்ளை. எச்.எம்.டி. 1961-ல் ஜப்பான் சிட்டிசன் கம்பெனியோட சேர்ந்து பெங்களூர்ல தயாரிக்க ஆரம்பிச்ச அந்தச் சாவி கொடுக்கிற வாட்ச்தான் முக்கால்வாசி கல்யாணச் சீரில் இருக்கும். அப்புறம் டைட்டன். அது டாடாவும் நம்ம தமிழ்நாடு அரசோட டிட்கோவும் 1984-ல் சேர்ந்து ஆரம்பிச்சது, தொழிற்சாலை ஓசூரில். நம்ம அரசாங்கமே பங்காளியா இருந்து செஞ்ச வாட்ச் என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. எச்.எம்.டி. வாட்ச் கம்பெனியை 2016-ல் மூடியே விட்டார்கள். டைட்டன் பிழைத்துக் கிடக்கிறது, இப்ப அவங்களும் ஸ்மார்ட் வாட்ச் விக்கிறாங்க. வேற வழி?

அந்த வாட்ச்சுக்கெல்லாம் ஒரே வேலைதான். மணி காட்டும். காலையில் சாவி கொடுத்தா போதும், செருப்பு மாதிரி கூடவே கிடக்கும். இப்ப வந்திருப்பது அப்படி இல்லை. செல்போன் பண்ணையார்னா இது அவர் அனுப்புற தலையாரி. பையில் கிடக்கும் போன் ஒரு தடவை கூப்பிட்டா, தலையாரி வந்து கையைப் பிடிச்சு இழுப்பான். குரூப்புல எவனோ "காலை வணக்கம்" என்று ரோசாப்பூ படம் அனுப்பியிருப்பான், அதுக்கு மணிக்கட்டுல ஒரு உதறல். பேங்க்ல இருந்து கடன் வேணுமான்னு ஒரு உதறல். போன் அடிச்சா எடுக்காம விடுற சுதந்திரமாவது முன்னால் இருந்தது. பைக் ஓட்டிக்கிட்டே கையைத் திருப்பித் திருப்பிப் பாக்கிற பயல்களை நாலுவழிச் சாலையில் தினமும் பாக்கிறேன். வயித்தைக் கலக்குது.

சரி, நடைக்கணக்குக்கு வருவோம். தினம் பத்தாயிரம் அடி நடக்கணும்னு எல்லா வாட்ச்சும் சொல்லுது இல்லையா, அது எந்த டாக்டரும் கண்டுபிடிச்ச கணக்கு இல்லை. டோக்கியோ ஒலிம்பிக் முடிஞ்ச மறுவருசம், 1965-ல், ஜப்பானில் யமாசா என்ற கம்பெனி ஒரு நடைமானி விற்றது. அதுக்கு வைத்த பேரே 'மான்போ கேய்', அதாவது பத்தாயிரம் அடி மீட்டர். பேர் நல்லா இருக்கு, எண் உருண்டையா இருக்கு, உலகமே பிடித்துக்கொண்டது. 2019-ல் ஹார்வர்டின் ஐ-மின் லீ குழு சராசரி 72 வயதுப் பெண்கள் பதினாறாயிரத்துச் சொச்சம் பேரை வைத்துப் பார்த்ததில், தினம் 4,400 அடி நடந்தவர்களுக்கே நல்ல பலன் தெரிந்தது. 7,500-க்கு மேல் நடந்தும் கூடுதலா ஒண்ணும் பெரிசா கிடைக்கவில்லை. சிங்கப்பூரில் அரசாங்கமே 2015-ல் 'தேசிய நடைச் சவால்' என்று ஆரம்பித்து, கையில் கட்டும் கருவியை இலவசமாகக் கொடுத்து, நடந்தா பரிசு என்றார்கள். நாள் பூரா ஏசி ரூமில் உக்காந்திருக்கிற ஊருக்கு அது சரி. நம்ம ஊரில் ஆடு மேய்க்கிற அக்காவுக்கு "ஒரு மணி நேரமா உக்காந்திருக்கீங்க, எழுந்து நில்லுங்க"ன்னு ஒரு வாட்ச் சொன்னா, அதைக் கழட்டி ஆட்டுக் கழுத்துல கட்டி விட்டுரும் :-)

இன்னொண்ணு. குனிஞ்சு நின்னு பருத்தி எடுத்தா இந்த வாட்ச்சுக்கு அது உழைப்பே இல்லை, அடி ஏறாது. குண்டும் குழியுமான ரோட்டில் மினிபஸ்ஸில் கம்பியைப் பிடிச்சு நின்னுக்கிட்டே போனா அடி ஏறும். என் கண்ணால பாத்தது.

இதெல்லாம் சிரிச்சுட்டுப் போயிரலாம். சிரிக்க முடியாத விசயம் ஒண்ணு இருக்கு, அதுக்காகத்தான் இதை எழுதவே உக்காந்தேன்.

எங்க சித்தப்பாவுக்கு அறுபத்தெட்டு வயசு. பத்து வருசமா பிரஷர் மாத்திரை. பையன் சென்னையில. போன தீபாவளிக்கு வந்தவன் அப்பா மேல உள்ள பாசத்துல ஒரு ஸ்மார்ட் வாட்ச் கட்டி விட்டுட்டுப் போனான். விலை ஆயிரத்து ஐநூறுக்குள்ள. அதுல இதயத்துடிப்பு, ஆக்சிஜன், தூக்கம், பிரஷர் எல்லாம் தெரியும்னு அட்டைப் பெட்டியில் போட்டிருக்கு. சித்தப்பா தினமும் காலையில் திண்ணையில் உக்காந்து பிரஷர் பாப்பார். 118/76. மறுநாள் 121/78. அவருக்கு ஒரே சந்தோசம். மாசாமாசம் மக்களைத் தேடி மருத்துவத்துல மாத்திரை கொண்டுவர்ற அக்காகிட்ட, "வேண்டாம் தாயி, நமக்குக் குறைஞ்சிருச்சு, வேற யாருக்காச்சும் குடு" என்றிருக்கிறார். இப்படியே ரெண்டு மாசம். அந்த அக்கா விடவில்லை. "அய்யா, கையை நீட்டுங்க, நான் ஒருதரம் பாத்துட்டுப் போயிர்றேன்"னு பட்டையைக் கட்டிக் காத்தை ஏத்திப் பாத்தா 176/102. வாட்ச்சில் அதே நிமிசம் 119/77.

அந்த அக்கா மட்டும் "சரி அய்யா"ன்னு போயிருந்தா? நினைச்சுப் பாக்கவே பயமா இருக்கு.

ஏன் இப்படி ஆகுதுன்னு கொஞ்சம் தெரிஞ்சுக்கணும். வாட்ச்சின் அடியில் பச்சை விளக்கு ஒண்ணு மினுக்கும். தோலுக்குள் ரத்தம் வந்து வந்து போகும்போது அந்த வெளிச்சம் திரும்புகிற அளவு கூடிக் குறையும், அதை எண்ணினா நாடித்துடிப்பு. இது நியாயமான வேலை, சும்மா உக்காந்திருக்கும்போது ஓரளவு சரியாவே சொல்லும். ஆனா ரத்த அழுத்தம் என்பது ரத்தம் குழாயை எவ்வளவு விசையோட தள்ளுது என்பது. அதை அளக்க வெளியே இருந்து அமுக்கிப் பாக்கணும், அதுக்குத்தான் டாக்டர் கையில் பட்டை கட்டிக் காத்தடிக்கிறார். வெளிச்சத்தை மட்டும் வைத்து அழுத்தம் சொல்வது, தண்ணிக் குழாயைத் தொடாம தள்ளி நின்னு பாத்தே மோட்டார் எத்தனை குதிரைச் சக்தின்னு சொல்றாப்புல. சாம்சங் வாட்ச்சில் பிரஷர் பாக்கணும்னா நாலு வாரத்துக்கு ஒருதரம் நிஜமான பட்டை மெசினை வைத்துச் சரிபார்த்துக் கொடுக்கணும். ஆப்பிள் 2025 செப்டம்பரில்தான் பிரஷருக்கு ஒரு வசதி கொண்டுவந்தது. அதுவும் எண் காட்டாது. முப்பது நாள் தகவலைப் பாத்து "உங்களுக்கு ரத்த அழுத்தம் இருக்கிற மாதிரி தெரியுது, மெசின்ல பாத்துக்கோங்க" என்று மட்டும் சொல்லும். இருக்கிற எல்லாருக்கும் சொல்லிவிடும் என்றும் அவர்கள் சத்தியம் செய்யவில்லை. நாப்பதாயிரம் ரூபாய் வாங்குறவன் எண்ணைச் சொல்லத் தயங்குறான். ஆயிரத்து ஐநூறு வாங்குறவன் 118/76-ன்னு அடிச்சுச் சொல்றான். எதை நம்பணும்னு நீங்களே சொல்லுங்க.

சந்தேகத்துக்குச் சித்தப்பா வாட்ச்சைக் கழட்டி, சுருட்டி வச்ச துண்டுல கட்டிப் பாத்தோம். துண்டுக்கு இதயத்துடிப்பு 74. பிரஷர் 117/75. நல்ல ஆரோக்கியமான துண்டு!

சர்க்கரை இன்னும் மோசம். ஊசி குத்தாமலே சர்க்கரை பாக்கலாம்னு விக்கிற வாட்ச், மோதிரம் எதையும் நம்பாதீங்கன்னு 2024 பிப்ரவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு வெளிப்படையாவே எச்சரிச்சது. அப்படி ஒரு கருவிக்குக்கூட அவர்கள் அனுமதி கொடுத்ததில்லை. ஆக்சிஜன் கதையும் கேளுங்க. 2020-ல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வில், ஆஸ்பத்திரியில் விரலில் மாட்டுகிற நல்ல மெசினே கறுப்பு நிறத்தவர்களிடம் ஆக்சிஜன் குறைந்திருப்பதை, வெள்ளைக்காரர்களோடு ஒப்பிட்டால் மூணு மடங்கு தடவை தவறவிட்டது தெரிந்தது. விரல் மெசினுக்கே அந்தக் கதின்னா, மணிக்கட்டுல, அதுவும் வேர்வை வழியுற நம்ம கரிசல் நிறத்துக் கையில, மலிவு வாட்ச் என்னத்தைச் சொல்லப்போகுது?

அப்ப எல்லாமே டுபாக்கூரா? இல்லை. இதயத்துடிப்பு தாறுமாறா அடிக்கிற கோளாறைக் கண்டுபிடிக்கிறதுல நல்ல வாட்ச்சுகள் நிஜமாவே உதவுது. ஆப்பிளும் ஸ்டான்ஃபோர்டும் சேர்ந்து நாலு லட்சத்துக்கு மேற்பட்டவர்களை வைத்துச் செய்த ஆய்வு 2019-ல் வெளியானது. அதில் எச்சரிக்கை வந்தவர்கள் நூத்துக்கு ஒருத்தர்கூட இல்லை, அரைதான். வந்தவங்கள்ல நெஞ்சுல பட்டை ஒட்டிச் சோதிச்சுப் பாத்த 450 பேரில் மூணுல ஒரு பங்குக்கு அந்தக் கோளாறு உறுதியாச்சு. குடும்பத்துல அந்தச் சீக்கு இருந்தா, டாக்டரும் சொன்னா, காசும் இருந்தா, வாங்கலாம்.

காது கேக்காதவங்களுக்கு இது வரப்பிரசாதம். அலாரம், போன் அழைப்பு எல்லாமே கையில அதிர்ந்து தெரியும். தனியா இருக்கிற வயசாளி கீழ விழுந்தா பிள்ளைக்குச் செய்தி போற வசதியும் நல்லதுதான், ஆனா அது விலை கூடின வாட்ச்சுல. அதுவும் முக்காவாசி பக்கத்துல போன் இருக்கணும், டவர் இருக்கணும். காட்டுக்குள்ள விழுந்தா கரிசமண்ணுக்குத்தான் செய்தி போகும்.

யாரும் யோசிக்காத இன்னொரு கூட்டம் இருக்கு. பொம்பளைங்க. சேலைக்குப் பாக்கெட் கிடையாது. ஆம்பளைக்குப் போன் சட்டைப்பையில நெஞ்சோட ஒட்டிக்கிட்டு இருக்கு, அவனுக்கு எதுக்கு வாட்ச்? கடையில துணி எடுத்துப் போடுற பொண்ணு, பள்ளிக்கூடத்து டீச்சர், அடுப்படியில நிக்கிற என் வீட்டம்மா, இவங்க போனெல்லாம் பைக்குள்ள, அலமாரியில, வேற ரூம்ல. பிள்ளைக்குக் காய்ச்சல்னு பள்ளிக்கூடத்துல இருந்து ஏழு தடவை கூப்பிட்டும் தெரியாமப் போன கதை எத்தனை வீட்ல இருக்கு! அவங்களுக்கு மணிக்கட்டுல ஒரு உதறல் பிரயோசனம். ஆனா பாருங்க, விளம்பரத்துல எல்லாம் மீசை வச்ச பையன் மலை ஏறிக்கிட்டு இருக்கான். (தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ் பக்கம் வேலை பாக்கிறவங்க மருந்து புழங்குற எடத்துக்கு இதையும் செல்போன் மாதிரியே நினைச்சு வெளியவே வச்சிருங்க. உள்ளே இருக்கிறது அதே லித்தியம் பேட்டரிதான்.)

சந்தைக்கும் கொஞ்சம் புத்தி வந்திருக்கு போல. 2023-ல் இந்தியாவில் ஐந்து கோடிக்கு மேல் இறங்கிய ஸ்மார்ட் வாட்ச், 2024-ல் மூணில் ஒரு பங்கு குறைந்து மூன்றரைக் கோடி ஆயிருச்சு என்கிறது ஐ.டி.சி. கணக்கு. வாங்குன ஆளு ரெண்டாவது வாட்ச் வாங்கல, அம்புட்டுதான். ஏன்னு எனக்கே தெரியும். ரெண்டு வருசத்துல பேட்டரி படுத்துரும், அந்தச் சார்ஜர் வேற எதுக்கும் பொருந்தாது, கோவில்பட்டி வெயிலுக்கு ரப்பர் பட்டைக்கு அடியில வேர்க்குரு கிளம்பிரும். ரிப்பேர் பண்ணலாம்னு போனா, அந்தக் கடைதான் செல்போன் கவர் விக்குதே.

சித்தப்பா வீட்டுக்கு இப்ப மேல்கையில பட்டை கட்டிக் காத்தடிக்கிற டிஜிட்டல் மெசின் வந்தாச்சு. வாட்ச்சுக்குக் கொடுத்த காசை விட முந்நூறு ரூபாதான் கூட. மாத்திரையும் மறுபடி போடுறார். வாட்ச்சைக் கழட்டச் சொன்னேன், மாட்டேன்னுட்டார். "ஏலே, மணி பாக்க வேணாமாடா?"

பி.கு: உங்க அப்பா அம்மா கையில இந்த மாதிரி பிரஷர் காட்டுற வாட்ச் இருந்தா, இன்னைக்கே போன் போட்டு மாத்திரையை நிறுத்தியிருக்காங்களான்னு மட்டும் கேட்டுருங்க. துண்டுல கட்டிப் பாத்தவங்க உங்க துண்டோட பிரஷர் எவ்வளவுன்னு பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க.