கடற்கரையின் கால்கள், கம்பெனியின் பந்து

கழக்கூட்டத்திலிருந்து வரும் புறவழிச் சாலை காரோட்டில் தமிழ்நாட்டு எல்லையைத் தொட்டு முடிகிறது. அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் கேரளத்தின் தென்கோடிக் கடற்கரை ஊரான பொழியூர் இருக்கிறது. நெய்யாற்றின்கரை வட்டத்தைச் சேர்ந்த இந்த மீனவர் ஊரில் தலைமுறை தலைமுறையாகக் கால்பந்து வீரர்கள் உருவாகி வருகிறார்கள். எல்லையைத் தாண்டினால் நீரோடி, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, தூத்தூர் வரை அதே மணல், அதே வள்ளம், அதே ஆட்டம். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்துக்குப் போயிற்று. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. ஒரே கடற்கரையின் பிள்ளைகள் சந்தோஷ் கோப்பைக்கு இரண்டு மாநிலச் சட்டைகளில் இறங்கலாயினர்.

சட்டை எதுவாயினும் கேள்வி ஒன்றுதான். ஆடுகிறவனுக்குச் சோறு போடுவது யார்? முழங்கால் முறிந்த பிறகும் போடுவது யார்? ஊடகங்கள் இந்தக் கேள்வியைத் தொடுவதில்லை. அவற்றுக்கு ஏலத்தொகை தெரியும், ஒளிபரப்பு உரிமை தெரியும், உரிமையாளரின் இருக்கை தெரியும். இந்தியக் கால்பந்துக்கு 2014இல் ரிலையன்ஸ்தான் உயிர் கொடுத்தது என்றொரு கட்டுக்கதையைப் பத்தாண்டுகளாக அவை ஓயாமல் சொல்லி வந்தன. அதற்கு முந்தைய வரலாறு அவ்வளவு எளிதில் மறக்கப்படத்தக்கதன்று.

1973 டிசம்பரில் எர்ணாகுளத்தில் கேரளம் முதன்முறையாகச் சந்தோஷ் கோப்பையை வென்றது. இறுதிப் போட்டியில் எதிரே நின்றது ரயில்வே அணி. கோல் கணக்கு 3-2. கேரளத்தின் மூன்று கோல்களையும் அடித்தவர் அணித் தலைவர் மணி. அவர் ஆலுவாயில் இயங்கும் பொதுத்துறை உர ஆலையான ஃபாக்டின் அணி வீரர். பயிற்சியாளரோ, 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெரு நாட்டுக்கு எதிராக இந்தியாவுக்குக் கோல் அடித்த தமிழர் சைமன் சுந்தரராஜ். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா அதன் பின் இன்றுவரை ஒரு கோலும் அடித்ததில்லை. அந்த இறுதிப் போட்டியைச் சற்று நின்று நோக்க வேண்டும். ஒரு பக்கம் பொதுத்துறை ஆலையின் வீரர் தலைமை தாங்கிய அணி, மறுபக்கம் ரயில்வே ஊழியர் அணி. தனியார் முதலாளி ஒருவரும் அந்த ஆட்டத்துக்குத் தேவைப்படவில்லை.

அடுத்தது கேரள காவல்துறை அணி. காவல்துறையைப் புகழ்ந்து பழக்கமில்லாதவர்கள்கூட அந்த அணியைப் புகழாமல் இருக்க இயலாது. வி.பி. சத்யன், ஐ.எம். விஜயன், சி.வி. பாப்பச்சன், யு. ஷரபலி, குரிகேஷ் மாத்யூ ஆகியோர் ஆடிய அந்த அணி 1990இல் திருச்சூரிலும் 1991இல் கண்ணூரிலும் ஃபெடரேஷன் கோப்பையை வென்றது. இரண்டாம் முறை அது வீழ்த்தியது மகிந்திரா நிறுவனத்தின் அணியை.

திருச்சூர் மாநகராட்சி மைதானத்தில் ஆட்டம் பார்க்க வந்தவர்களுக்குச் சோடா விற்ற சிறுவன்தான் விஜயன். அவருடைய திறமையைக் கண்டு வேலையோடு சேர்த்து எடுத்துக்கொண்டது ஓர் அரசுத் துறை. இடையில் மோகன் பகானுக்கும் பஞ்சாபின் ஜே.சி.டி. மில்ஸ் அணிக்கும் எஃப்.சி. கொச்சினுக்கும் அவர் ஆடச் சென்றார். முதல் தேசிய லீகை 1996-97இல் வென்ற ஜே.சி.டி. அணியை அதன் முதலாளிகள் 2011இல் கலைத்தனர். 1997இல் டூரண்ட் கோப்பையைக் கேரளத்துக்குக் கொண்டுவந்த எஃப்.சி. கொச்சின், வீரர்களுக்குச் சம்பளம் கொடுக்க இயலாமல் சில ஆண்டுகளிலேயே மூழ்கியது. 1991இல் தோற்ற மகிந்திரா அணியும் 2010இல் மூடப்பட்டது. விஜயன் காவல்துறைக்குத் திரும்பி, 2025இல் பத்மஸ்ரீ பெற்ற அதே ஆண்டில் முறையாகப் பணி ஓய்வு பெற்றார். ஆலை முதலாளிகளின் அணிகள் எல்லாம் போன பின்னும் சோடா விற்ற சிறுவனின் ஓய்வூதியம் நிற்கிறது.

சத்யனின் கதை இவ்வளவு நிறைவானதன்று. அதையும் சொல்லியாக வேண்டும். கேரளம் 1973க்குப் பிறகு 1992இல் கோவையில் மீண்டும் சந்தோஷ் கோப்பையை வென்றபோது அணித் தலைவர் அவர்தான். இந்திய அணிக்கும் தலைமை தாங்கினார். பின்னர் சென்னைக்கு வந்து இந்தியன் வங்கி அணியில் சேர்ந்தார். காயம்பட்ட காலோடு ஆண்டுக்கணக்கில் ஆடினார். 2006 ஜூலை 18 அன்று பல்லாவரம் ரயில் நிலையத்தில் அவருடைய வாழ்வு முடிந்தது. வயது 41. அவருக்கு வங்கி வேலை இருந்தது. ஆகவே வேலை கிடைத்தால் எல்லாம் தீர்ந்தது என்று எவரும் சொல்ல முடியாது. நெசவாளியின் நுரையீரலும் சுரங்கத் தொழிலாளியின் முதுகும் தொழில் சார்ந்த பாதிப்பு என்று ஒப்புக்கொள்ள வைக்கத் தொழிலாளி வர்க்கம் நெடுங்காலம் போராட வேண்டியிருந்தது. கால்பந்து வீரனின் முழங்காலுக்கு அந்தத் தகுதி இன்னும் வரவில்லை. நாட்டுக்காக ஆடும்போது அது தேசத்தின் சொத்து; முறிந்த மறுநாள் அவனுடைய சொந்தத் துயரம்.

இன்றைய நிலை இதைவிட மேலா? இரவிபுத்தன்துறை மீனவர் குடும்பத்திலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ் சென்னை சிட்டி, ஜாம்ஷெட்பூர் அணிகளில் ஆடி, 2020 மார்ச்சில் ஏ.டி.கே. அணியோடு இந்தியன் சூப்பர் லீக் கோப்பையை வென்றார். கோப்பை கைக்கு வந்த சில மாதங்களிலேயே அந்த அணி மோகன் பகானோடு இணைக்கப்பட்டுத் தனி அணியாக இல்லாமல் போயிற்று. அதே ஆண்டு நவம்பரில், புதிய பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே சூசைராஜ் முழங்காலில் கடுங்காயம் அடைந்து அந்தப் பருவம் முழுவதையும் இழந்தார். அவர் முன்பு ஆடிய சென்னை சிட்டி 2018-19இல் ஐ-லீக் வாகையர். இன்று தேசிய லீக் எதிலும் அதன் பெயர் இல்லை. டெல்லியின் அணி ஒரு நாள் புவனேஸ்வரத்துக்குப் பெயர்க்கப்பட்டது. 2022இல் வாகை சூடிய ஹைதராபாத் அணி சம்பள பாக்கியில் சிக்கிச் சீரழிந்து, 2025இல் டெல்லிக்கு இடம் மாறியது. கேரளத்தின் அணிக்கு முகமாக நிறுத்தப்பட்ட சச்சின் டெண்டுல்கர் 2018இல் தம் பங்கை விற்றுவிட்டு விலகினார். கடை திறப்பதும் மூடுவதும் முதலாளியின் உரிமை என்றால், அந்தக் கடையில் சரக்காக வைக்கப்பட்டிருப்பது இந்தக் கடற்கரையின் பிள்ளைகள்.

இந்த ஏற்பாட்டின் அடித்தளம் 2010 டிசம்பரில் போடப்பட்டது. அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் 15 ஆண்டுகளுக்கு, 700 கோடி ரூபாய்க்கு, நாட்டின் கால்பந்து வணிக உரிமைகளை ரிலையன்ஸ் கூட்டு நிறுவனத்திடம் ஒப்படைத்தது. ஒப்பந்தக் காலம் முடியப்போகும் தறுவாயில், 2025 ஜூலையில், புதிய உடன்பாடு இல்லை என்று கூறி லீகையே அந்த நிறுவனம் நிறுத்தி வைத்தது. ஆகஸ்டில் ஜே.எஸ்.டபிள்யூ. குழுமத்தின் பெங்களூரு அணி வீரர்களுக்கும் ஊழியர்களுக்கும் ஊதியத்தைக் காலவரையின்றி நிறுத்தியது. சென்னையின் அணியும் தன் பணிகளை நிறுத்தி வைத்தது. எஃகு விற்றுக் கோடிகளைக் குவிக்கும் குழுமத்துக்கு ஒரு மாதச் சம்பளம் கொடுக்க இயலவில்லையாம்! ஒரு நாட்டின் முதன்மை லீக் ஒரு கம்பெனியின் கடிதத்தால் நின்றுபோகிறது. இதற்குப் பெயர்தான் தொழில்முறைமை என்று பத்தாண்டுகளாக நமக்குப் பாடம் நடத்தினார்கள்.

துறை அணிகளில் ஆடியவர்கள் நாற்காலித் தூக்கத்தில் ஆட்டத்தை மறந்தார்கள், தனியார் வந்த பிறகுதான் நல்ல புல்தரையும் நல்ல கூலியும் வந்தன என்று வாதிடுவோர் உண்டு. இதில் ஒரு பாதி உண்மை. ஐ.எஸ்.எல். ஒப்பந்தத்தில் ஓர் இளைஞன் ஓராண்டில் ஈட்டியதை வங்கி எழுத்தர் பல ஆண்டுகளில்தான் ஈட்டுவார். அந்தக் கூலியை எவரும் வெறுக்க வேண்டியதில்லை. அது வீரனின் உழைப்புக்கு உரியது. ஆனால் அந்த வாயிலில் நுழைபவர்கள் சிலநூறு பேர். ஒப்பந்தம் முடிந்த அன்றே அவர்களும் வெளியே. நாற்காலித் தூக்கம் என்று கேலி செய்யப்படும் அந்த அணிகளில் ஆடியவர்கள்தான் ஃபெடரேஷன் கோப்பையை அடுத்தடுத்து இருமுறை வென்றார்கள் என்பதைக் கேலி செய்வோர் விளக்கட்டும்.

மீண்டும் பொழியூருக்கு வருவோம். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் இந்தக் கடற்கரையின் இரு மாநில ஊர்களிலிருந்தும் ஆட்களைக் கொண்டுபோயிற்று. நான்கு மாதம் கழித்து, 2018 ஏப்ரல் 1 அன்று, கொல்கத்தாவில் வங்காளத்தைப் பெனால்டியில் தோற்கடித்துக் கேரளம் ஆறாவது முறையாகச் சந்தோஷ் கோப்பையை வென்றது. அந்த அணியில் பொழியூரின் எஸ். சீசன் ஆடினார். அணித் தலைவர் ராகுல் வி. ராஜும், பெனால்டிகளைத் தடுத்த கோல் காப்பாளர் மிதுனும் பாரத ஸ்டேட் வங்கி அணியினர். சரியாக ஓராண்டுக்கு முன்பு, 2017 ஏப்ரல் 1 அன்று, கேரளச் சட்டமன்றத்தின் எதிர்ப்புத் தீர்மானத்தையும் ஊழியர் சங்கங்களின் எதிர்ப்பையும் மீறி, திருவிதாங்கூர் ஸ்டேட் வங்கியை ஒன்றிய அரசு பாரத ஸ்டேட் வங்கியில் கரைத்துவிட்டது. பல தலைமுறைக் கால்பந்து வீரர்களுக்கு வேலை கொடுத்த வங்கி அது. வங்கி இணைப்பைக் கிளைகளின் எண்ணிக்கையாகவும் இலாபக் கணக்காகவும் மட்டுமே பேசியவர்கள், ஒரு கடற்கரை இளைஞனுக்கு முன் திறந்திருந்த கதவு ஒன்று மூடப்படுவதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

வென்று வந்த அணியைப் பற்றிய இன்னொரு செய்தி இதைவிடக் கூர்மையானது. 20 பேர் கொண்ட தேசிய வாகையர் அணியில் 11 பேருக்கு வேலை இல்லை. அன்றைய இடது ஜனநாயக முன்னணி அரசு அவர்களுக்கு அரசு வேலை வழங்க முடிவு செய்தது. சரியான முடிவு. ஆனால் கோப்பை வென்றால்தான் வேலை என்றால், அரையிறுதியில் தோற்றவனின் கதி என்ன? தூத்தூர்க் கடற்கரையிலிருந்து தமிழ்நாட்டுச் சட்டை அணிந்து, கோப்பை இன்றித் திரும்பியவர்கள் வலைக்கும் வள்ளத்துக்கும் திரும்பினால் அது குற்றமா?

கேரளத்தில் இடதுசாரிகள் தம் பக்கத்தையும் நோக்க வேண்டும். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆண்டுக்கு 50 பேரை அரசுப் பணிக்கு எடுக்கும் ஏற்பாடு அங்கு உண்டு. அது நாட்டுக்கே முன்மாதிரி. ஆனால் பல ஆண்டுகளின் நியமனங்கள் தேங்கி, ஒரே மூட்டையாக வந்தன. 2024இல் தொடங்கிய சூப்பர் லீக் கேரளமோ அதே உரிமையாளர் மாதிரியைத் திரை நட்சத்திரங்களோடு மாநில அளவில் பிரதி எடுத்தது. திருவனந்தபுரத்தின் அணி ஆடும் சந்திரசேகரன் நாயர் மைதானம் காவல்துறைக்குச் சொந்தமானது. மைதானம் பொதுச் சொத்து, வீரன் ஒப்பந்தக் கூலி, அணி தனியார் உடைமை! கொச்சுவேளியில் இருக்கும் திருவிதாங்கூர் டைட்டானியம் மாநில அரசின் ஆலை; கால்பந்தில் நெடிய பெயர் பெற்றது. அதன் கழிவுநீர் அருகிலுள்ள மீனவர் கடற்கரையை நெடுங்காலம் பாழாக்கியதும் உண்மை. கடனைத் தீர்க்க வேண்டிய ஆலை என்றாவது கருதி, அதன் அணியில் ஆண்டுதோறும் இந்தக் கடற்கரைப் பிள்ளைகளுக்கு நிரந்தர வேலை கோருவது அதிகப்படியான கோரிக்கை ஆகாது.

எல்லைக்கு இப்பால் பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையும் தெற்கு ரயில்வேயும் இந்தியன் வங்கியும் சென்னை லீகின் தூண்களாய் இருந்தவை. ரயில்வேயில் காலிப் பணியிடங்களை நிரப்பாமல் ஒப்பந்தத்துக்கு விடுவதும், வங்கிகளை இணைப்பதும், பொதுத்துறைப் பங்குகளை விற்பதும் விளையாட்டுக்கு அப்பாற்பட்ட பொருளாதாரக் கொள்கைகள் என்று கருதுவோர் உண்டு. ஒரு நிரந்தரப் பணியிடம் ஒழியும்போது, அந்த இடத்தில் ஆடியிருக்கக்கூடிய ஒருவனும் ஒழிகிறான்.

காரோடு, குளத்தூர், பாறசாலை, நெய்யாற்றின்கரை பகுதிகளிலும் எல்லைக்கு அப்பால் விளவங்கோட்டிலும் கிளைகள் உள்ளன. மீன்பிடித் தொழிலாளர் சங்கங்கள் உள்ளன. இளைஞர் அமைப்பின் பந்தயங்கள் ஆண்டுதோறும் நடக்கின்றன. பந்தயத்தின் பரிசளிப்பு மேடையில் முழங்க வேண்டிய கோரிக்கைகள் இவை: பொதுத்துறை நிறுவனங்கள், வங்கிகள், ரயில்வே ஆகியவற்றின் விளையாட்டு ஒதுக்கீட்டு இடங்களை ஆண்டுதோறும் அறிவித்து நிரப்புதல், லீக் வீரர்களைத் தொழிலாளர்களாக ஏற்று, ஊதிய பாக்கிக்கு உரிமையாளரைப் பொறுப்பாக்குதல், களத்தில் ஏற்படும் காயத்தைப் பணிக்காயமாகக் கொண்டு ஈட்டுறுதியும் நீண்டகாலச் சிகிச்சையும் வழங்குதல். முதல் கோரிக்கைக்கு மனு கொடுக்க வேண்டிய இடம் டெல்லியும் திருவனந்தபுரமும் சென்னையும். இரண்டாவதற்கு அலைய வேண்டியதில்லை. பெங்களூரு அணியின் ஊதிய நிறுத்த அறிக்கை அச்சிலேயே இருக்கிறது.