தோல்வி காணாத அணிக்கு மறுக்கப்பட்ட இடம்

விளையாட்டில் இறுதித் தீர்ப்பு மைதானத்துக்கே உரியது என்பது பொதுவான நம்பிக்கையாகும். ஆயின், மைதானத்தில் ஈட்டிய வெற்றிகளை மேசையைச் சுற்றி அமர்ந்தோர் குறைத்து மதிப்பிட முடியுமாயின் போட்டி எதற்கு என்ற வினா தவிர்க்க முடியாதது. அமெரிக்கப் பல்கலைக்கழக உதைபந்தாட்டத்தில் 2023 டிசம்பர் 3 ஆம் திகதி எழுந்த வினாவும் இதுவே.

முட்டை வடிவப் பந்தைக் கைகளில் ஏந்தி ஆடப்படும் இவ்விளையாட்டில், நூற்றுக்கும் மேற்பட்ட முன்னணிப் பல்கலைக்கழக அணிகள் உள்ளன. ஓர் அணி ஒரு பருவகாலத்தில் ஆடுவதோ ஏறக்குறைய 13 போட்டிகள் மட்டுமே. அனைத்து அணிகளும் ஒன்றையொன்று சந்திக்க வாய்ப்பில்லாததால், சம்பியன் பட்டத்துக்காக மோதும் தகுதி யாருக்கு என்பதை ஒரு தெரிவுக் குழுவே தீர்மானிக்கின்றது. அன்று அக்குழு தெரிவு செய்த நான்கு அணிகள் மிச்சிகன், வோஷிங்டன், டெக்ஸாஸ், அலபாமா ஆகியனவாகும்.

விலக்கப்பட்டது புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகம். 13 போட்டிகளில் ஆடி 13 இலும் வென்று, தனது பிராந்தியக் கூட்டமைப்பின் சம்பியனாகவும் முடிசூடிய அணி அது. அலபாமாவோ டெக்ஸாஸிடம் 34-24 எனத் தோல்வியுற்றிருந்தது.

குழுவின் முடிவுக்குக் காரணம் ஒரு காயமாகும். தாக்குதலை வழிநடத்தும் குவாட்டர்பேக் ஜோர்டான் ட்ராவிஸ் நவம்பர் 18 ஆம் திகதி காலில் படுகாயமடைந்தார். அவரின்றி இவ்வணி முன்னைய அணியல்ல எனக் குழு கருதியது. ஆனால் அவரின்றியே அது புளோரிடா பல்கலைக்கழகத்தை 24-15 எனவும், லூயிவில் அணியை 16-6 எனவும் வென்றது. தன் கால் பருவகாலத்தின் ஆரம்பத்திலேயே முறிந்திருந்தால் தன் சகாக்களின் திறமையை உலகம் கண்டிருக்குமே என அந்த இளைஞர் வருந்தியமை பலரது மனதையும் தொட்டது.

அலபாமாவின் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. தொடர்ந்து 29 போட்டிகளில் வென்றிருந்த ஜோர்ஜியாவை 27-24 என வீழ்த்திய அணி அது. அது சந்தித்த எதிரணிகளும் வலிமை மிக்கவை. முக்கிய வீரர் இல்லாமையைக் கருத்திற் கொள்ளக் குழுவின் விதிகளும் இடமளித்திருந்தன. எனவே குழு விதியை மீறியதாகக் கூற முடியாது. 13 வெற்றிகளையும் விஞ்சுமளவுக்கு ஓர் ஊகத்துக்கு இடமளித்த அவ்விதியே குறைபாடுடையது.

பின்னர் நிகழ்ந்தவை குழுவை நியாயப்படுத்துவதாகச் சிலர் வாதிடுகின்றனர். டிசம்பர் 30 ஆம் திகதி ஜோர்ஜியாவிடம் புளோரிடா மாநில அணி 63-3 எனத் தோற்றது உண்மையே. ஆனால் பட்டத்துக்கான வாய்ப்பு பறிபோன பின் முன்னணி வீரர்கள் பலர் அப்போட்டியில் ஆடவேயில்லை. தண்டனையின் விளைவைக் குற்றத்துக்குச் சான்றாகக் காட்டுவது முறையாகாது.

இத்தகைய சர்ச்சை புதியதன்று. 2003 இல் இரு பிரதான வாக்கெடுப்புகளிலும் முதலிடம் பெற்ற தென் கலிபோர்னியா பல்கலைக்கழகம், கணினிக் கணிப்புகளும் சேர்ந்த சூத்திரத்தினால் இறுதிப் போட்டிக்கு வெளியே நிறுத்தப்பட்டது. தனது கூட்டமைப்பின் இறுதிப் போட்டியில் 35-7 எனத் தோற்ற ஓக்லஹோமாவுக்கு அவ்விடம் கிடைத்தது. மறு ஆண்டில் தோல்வியே காணாத ஓபர்னுக்கும் கதவு அடைக்கப்பட்டது.

2024 பருவகாலத்தில் அணிகளின் எண்ணிக்கை 12 ஆக உயர்த்தப்பட்டு, கூட்டமைப்புச் சம்பியன்களுள் தரவரிசையில் முன்னிற்கும் ஐவருக்கு இடம் உறுதி செய்யப்பட்டது. வென்றவருக்கு உரிமை உண்டு என்பதை இம்மாற்றம் ஓரளவேனும் ஏற்றுக்கொண்டது எனலாம். எனினும் சர்ச்சை ஓயவில்லை. கடைசி இடத்துக்கு 11 வெற்றிகள் பெற்ற தென் மெதடிஸ்ட் பல்கலைக்கழகமா, 9 வெற்றிகள் பெற்ற அலபாமாவா என்ற விவாதம் அவ்வாண்டே மூண்டது. அம்முறை குழு அலபாமாவை விலக்கியது.

எல்லைக்கோடு எங்கு வரையப்பட்டாலும் அதற்கு வெளியே நிற்போர் இருக்கவே செய்வர். அவர்கள் ஏமாற்றமடையலாம், ஆனால் அநீதி இழைக்கப்பட்டதாக உணர இடமளிக்கலாகாது. தெரிவு செய்வோர் நடந்ததை எடைபோடுவதற்கு அதிகாரம் பெற்றவர்கள். நடக்கவிருப்பதை ஆடிக் காட்டும் உரிமை வீரர்களுடையது. அவ்வுரிமையே அன்று புளோரிடா மாநில அணிக்கு மறுக்கப்பட்டது.